மண்டபத்து ரா படங்களுக்கு டார்க்டேபிளா, ராதெரபியா?

கல்யாண மண்டபத்தில் எடுத்த ஆயிரம் ரா படங்கள் (கேமரா மெருகேற்றாமல் தரும் மூலக் கோப்புகள்), சாதாரண மடிக்கணினி ஒன்று, மாதாமாதம் சந்தா கட்ட இடம்கொடுக்காத கணக்குவழக்கு. இந்த நிலையில் இருப்பவர்கள் உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டே மென்பொருள்கள்: டார்க்டேபிள், ராதெரபி. இரண்டும் முழுக்க இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ராதெரபியை 2004-இல் ஹங்கேரிக்காரரான காபோர் ஹோர்வாத் தொடங்கினார். 2010-இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டார்க்டேபிள் 2009-இல் வந்தது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் வாக்கிலும் கிறிஸ்துமஸ் வாக்கிலும், புதுப் பதிப்பு வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று ஒரே வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள். மலை, பறவை, கோபுரம் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு படங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மெருகேற்றுபவர்களுக்கு ராதெரபி. ஓவியம்போல முகத்தை மட்டும், புடவையை மட்டும் தொட்டுத் திருத்த வேண்டும் என்றால் மறுபடியும் டார்க்டேபிள்தான்.

ஆனால் இரண்டையும் தொடுவதற்கு முன், கேமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிகானுக்கு 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். கேமராவின் திரையில் பார்த்த அதே நிறம் இவற்றில்தான் அப்படியே வரும், ஏனென்றால் கேமராவில் வைத்த பிக்சர் ஸ்டைலை இவை படித்துப் போடுகின்றன. ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் வித்தியாசமானது: யுஎஸ்பி கேபிளில் கேமராவை இணைத்தால் கேமராவுக்குள் இருக்கும் பிராசசரே படத்தை உருவாக்கித் தரும். கணினி பழசாக இருந்தாலும் கவலை இல்லை. படம் எடுத்த அதே மாடல் கேமரா கையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இவற்றின் பெரிய குறை, தன் நிறுவனத்து ரா கோப்பை மட்டுமே திறக்கும். ஒருவர் கேனனிலும் இன்னொருவர் சோனியிலும் எடுத்த கல்யாணத்துக்கு இரண்டு மென்பொருளில் வேலை பார்த்தால் இரண்டு விதமான நிறம் வரும், ஆல்பத்தில் அது பளிச்சென்று தெரியும். அதனால் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இவற்றை வைத்துக்கொள்வது நல்லது.

டார்க்டேபிளை முதன்முதலாகத் திறப்பவர்கள் பலர் "படம் செத்துக் கிடக்கிறதே" என்று மூடிவிடுகிறார்கள். காரணம் எளிமையானது. கேமராவின் ஜேபெக்கில் ஏற்றியிருந்த கான்ட்ராஸ்ட், நிறம், ஷார்ப்னஸ் எதுவும் ரா கோப்பில் ஏறியிருக்காது. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபியூஜியில் டைனமிக் ரேஞ்சை 400-இல் வைத்திருந்தால் கேமரா வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுத்துவிட்டு, ஜேபெக்கில் மட்டும் அதை ஏற்றிக்கொள்கிறது; 200 என்றால் ஒரு ஸ்டாப். நிகானின் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனனின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி இரண்டும் இதே வழிதான். வெளி மென்பொருளில் அந்தப் படம் இருட்டாகத் திறக்கலாம். ராவில் எடுப்பதாக இருந்தால் இவற்றை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு படத்திலும் எக்ஸ்போஷரைத் தேடி ஏற்றும் வேலை மிச்சம்.

இனி ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். மணமேடை. பின்னால் நீல எல்இடி, முன்னால் வீடியோக்காரரின் விளக்கு. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, பெண்ணின் அரக்குப் பட்டு, ஜரிகை, மாநிற முகங்கள். ஐஎஸ்ஓ 3200.

டார்க்டேபிளில் பிராசசிங் அமைப்புக்குள் போய், தானாக ஏறும் முறையை சீன்-ரெஃபர்டு சிக்மாய்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராவின் வெளிச்ச வீச்சைத் திரைக்கேற்ப மடக்கும் முறை இது. ஃபில்மிக் என்பதும் அங்கேயே உண்டு, ஆனால் புதிதாக வருபவர்களுக்கு 4.2 பதிப்பில் சேர்ந்த சிக்மாய்டுதான் சுலபம். கான்ட்ராஸ்ட், ஸ்கியூ என்ற இரண்டு ஸ்லைடரில் வேலை முடியும். அடுத்தது எக்ஸ்போஷர். இங்கே முகத்தை மட்டும் பார்த்து ஏற்றுங்கள். வேட்டி வெளுக்கிறதே என்று கையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. வெளுப்பை சிக்மாய்டு மடக்கிக்கொள்ளும். வேட்டியின் விவரம் ராவிலேயே போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால், படத்துக்குக் கீழுள்ள பட்டையில் ரா ஓவர்எக்ஸ்போஷர் குறியை அழுத்திப் பாருங்கள். மூன்று வண்ணமும் நிரம்பிவிட்ட இடத்தில் நூலிழை திரும்பி வராது. ஒன்றிரண்டு மட்டும் நிரம்பியிருந்தால், மிச்சமிருப்பதை வைத்து ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

நிறத்துக்கு கலர் காலிபரேஷன். அதிலுள்ள பிக்கரை எடுத்து வேட்டியில் ஒரு சின்னச் சதுரம் வரையுங்கள். எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். முகத்தில் விழும் அதே முன்விளக்கு விழுகிற மடிப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் தடவிய ஓரத்தில் எடுத்தால் படம் முழுக்க நீலம் ஏறும். பின்பக்க எல்இடி பட்ட மடிப்பில் எடுத்தால் முகங்கள் ஆரஞ்சாகிவிடும். நீல விளக்கு விழுந்த திரைச்சீலை மட்டும் விவரமே இல்லாமல் திட்டாக நிற்கும். திரையும் அச்சும் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிய நீலம் அது. அதே கலர் காலிபரேஷனில் காமட் கம்ப்ரஷன் ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள், திரையின் மடிப்புகள் திரும்ப வரும். ராதெரபியில் இதற்கு இவ்வளவு நேரடியான வழி இல்லை. எல்இடி மேடைகள் எல்லா ஊருக்கும் வந்துவிட்ட நிலையில், டார்க்டேபிளைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

பெண்ணின் முகம் இன்னும் கொஞ்சம் தெளிய வேண்டுமா? எக்ஸ்போஷர் மாட்யூலின் (கருவியின்) இரண்டாவது பிரதியைத் திறந்து, முகத்தின் மேல் நீள்வட்ட மாஸ்க் (திருத்தம் விழ வேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து, விளிம்பை நன்றாக விரித்துவிட்டு 0.3 முதல் 0.5 ஸ்டாப் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் முகத்தில் மாவு பூசியது போலத் தெரியும். மாநிறத்தை வெளுப்பாக்கிக் காட்டுவது திருத்தம் ஆகாது. வாடிக்கையாளர் கேட்டாலும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. நாய்ஸுக்கு (ஐஎஸ்ஓ கூடினால் வரும் புள்ளிக் கறை) டீநாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூலை இயக்கினால் போதும். கேமரா மாடலையும் ஐஎஸ்ஓவையும் படித்து அளவை அதுவே போட்டுக்கொள்ளும்.

இப்போது படங்களை அடுக்கிக் காட்டும் லைட்டேபிள் பக்கத்துக்குத் திரும்பி, இந்தப் படத்தில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி. வரும் பட்டியலில் கிராப்பையும், மாஸ்க் வரைந்த எக்ஸ்போஷர் பிரதியையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும் நகலெடுத்து, அதே மேடைப் படங்கள் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். மாஸ்க்கையும் சேர்த்து ஒட்டினால் அடுத்த படத்தில் வெளிச்சம் ஐயர் தலையில் விழும். நாற்பது படங்களுக்கான அடிப்படை வேலை ஒரே ஒட்டலில் முடிகிறது.

டார்க்டேபிளில் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, கலர் காலிபரேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வொயிட் பேலன்ஸ் மாட்யூலையும் திருகுவது. நிறம் இரண்டு முறை திருத்தப்பட்டு எதைத் தொட்டாலும் கோணலாகும். மாட்யூலிலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும், அதை மதியுங்கள். இரண்டு, ஒரே படத்தில் ஃபில்மிக், சிக்மாய்டு இரண்டையும் இயக்குவது, அல்லது பழைய பாடம் பார்த்து பேஸ் கர்வைச் சேர்ப்பது. மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. ஒன்றுதான் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் பாதி இந்தக் குழப்பத்தைத்தான் சொல்லித்தருகின்றன. 2019-க்கு முந்தையது என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

ராதெரபியின் பலம் வேறு. ரா படத்தைத் திறந்தவுடனே, உள்ளே பதிந்திருக்கும் ஜேபெக்கைப் பார்த்து அதற்கேற்ற டோன் கர்வை அதுவே போட்டுக்கொள்ளும். படம் செத்துக் கிடக்கிறது என்ற புகாருக்கே இடமில்லை. சென்சார் தரும் புள்ளிகளை வண்ணப் படமாகக் கோக்கும் டீமொசைக் வேலையில் இதில் உள்ள அளவுக்குத் தேர்வுகள் வேறெங்கும் கிடைப்பது அரிது. பட்டின் ஜரிகைக்கும் கோபுரச் சிற்பத்துக்கும் அமேஸ், நாய்ஸ் கூடிய படத்துக்கு எல்எம்எம்எஸ்இ, ஃபியூஜி எக்ஸ்-டிரான்ஸ் சென்சாருக்கு 3-பாஸ். ரா பகுதியிலேயே இருக்கும் கேப்சர் ஷார்ப்பனிங் 2020-இல் 5.8 பதிப்பில் வந்தது. ஆரத்தையும் (ரேடியஸ்) கான்ட்ராஸ்ட் வரம்பையும் படத்தைப் பார்த்து அதுவே கணக்கிடும். மென்மையான கிட் லென்ஸில் எடுத்த படத்தில் டிக் ஒன்று போட்டுவிட்டு 100 சதவீதத்தில் பாருங்கள், புடவைக் கரையின் நூல் தனித்தனியாகத் தெரியும்.

100 சதவீதம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ராதெரபியில் நாய்ஸ் குறைப்பு, ஷார்ப்பனிங் போன்ற கருவிகளின் விளைவு சிறிதாக்கிய படத்தில் தெரியாது. 1:1 குறி போட்ட கருவிகள் எல்லாம் அப்படித்தான். "ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை" என்று கடைசிவரை தள்ளிவிட்டு வெளியே எடுத்தால் முகம் மெழுகு பொம்மையாக நிற்கும்.

அதன் பலவீனம் பகுதித் திருத்தம். 5.9-இல் லோக்கல் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் வந்தது, ஆனால் வட்டமும் செவ்வகமும் வைத்து வேலை பார்க்க வேண்டும், கையால் வரையும் பிரஷ் கிடையாது. ராதெரபியின் தரம் பிடித்து பிரஷ்ஷும் வேண்டும் என்பவர்கள், அதிலிருந்து பிரிந்து வந்த ஏஆர்டி மென்பொருளைப் பார்க்கலாம். கருவிகள் குறைவு, மாஸ்க் வசதி அதிகம்.

கணினி விஷயத்திலும் இரண்டும் வேறு வேறு. ராதெரபி கிராஃபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை, எல்லாம் சிபியு வேலைதான். டார்க்டேபிள் ஓப்பன்சிஎல் வழியாக கிராஃபிக்ஸ் கார்டை நன்றாகப் பயன்படுத்தும். 4 ஜிபி உள்ள கார்டு, 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. கார்டே இல்லாமல் 8 ஜிபியில் ஓட்டுபவர்கள் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாட்யூலைத் தவிர்த்தாலே வேகம் தேவலை என்றாகிவிடும். வெளியே எடுத்த படத்தில் கட்டம் கட்டமாகக் கறை தெரிந்தால் முதலில் ஓப்பன்சிஎல்லை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் டிரைவர் கோளாறாக இருக்கும்.

புதுக் கேமரா வாங்கியவர்கள் நிறுவுவதற்கு முன்பே மென்பொருளின் தளத்தில் மாடல் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். லினக்ஸ் களஞ்சியங்களில் கிடைப்பது பல சமயம் பழைய பதிப்பு. கேனனின் புது ரா வகையான சிஆர்3 கோப்பு டார்க்டேபிளில் 3.8-க்குப் பிறகுதான் திறக்கும். நிகான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள் ரா அமைப்பை ஹை எஃபிஷியன்சியில் விடாமல் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இந்த இரண்டு மென்பொருளும் கைவிரித்துவிடும். ஏற்கெனவே அப்படி எடுத்தாகிவிட்டது என்றால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றித் திறக்கலாம்.

டார்க்டேபிளில் சேர்த்த கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இடம் மாற்றாதீர்கள். படத்துக்குப் பதில் மண்டை ஓடு தெரிந்தால் கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள். லைட்டேபிளுக்குள்ளேயே நகர்த்தினால் பிரச்சினை வராது. காப்புப் பிரதி எடுக்கும்போது ரா கோப்போடு எக்ஸ்எம்பி கோப்பும், ராதெரபி என்றால் பிபி3 கோப்பும் சேர்ந்து போக வேண்டும். செய்த திருத்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்குபவை எங்கே முந்துகின்றன? ஐஎஸ்ஓ 12800-க்கு மேல். இயந்திரக் கற்றலில் இயங்கும் கட்டண டீநாய்ஸ் கருவிகள் இருட்டு மண்டபப் படத்தைத் துடைக்கும் விதத்தில் டார்க்டேபிளும் ராதெரபியும் பின்தங்கியே இருக்கின்றன. ஃபிளாஷ் போடாமல் எடுப்பதே தொழில் என்றால், அந்த ஒரு கருவிக்கு மட்டும் செலவழித்துவிட்டு மற்றதை இலவசத்தில் முடிக்கலாம். மூடிய மூலத்தில் வரும் இலவசப் பதிப்புகளை நம்பி வேலையைக் கட்டாதீர்கள்: கேப்சர் ஒன் எக்ஸ்பிரஸ் பலருக்கும் பிடித்திருந்தது, 2024 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆல்பத்துக்கு அனுப்பும்போது நிறவெளி எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் தரம் 95. 12-க்கு 36 அங்குலத் தாள் 300 டிபிஐயில் 10,800-க்கு 3,600 பிக்சல். 24 மெகாபிக்சல் படம் 6,000-க்கு 4,000 என்பதால் தாளின் பாதியில் ஒரு படம் தாராளமாக நிற்கும். முழுத் தாளுக்கும் ஒரே படம் என்றால் கிராப் செய்யாத படமாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.