பெட்டிக்குள் நாலு நிமிடம்: நோபிள் ஜான்சனைத் தேடுவோருக்கு

கினோ லார்பர் 2016இல் கொண்டுவந்த 'பயனியர்ஸ் ஆஃப் ஆப்ரிக்கன் அமெரிக்கன் சினிமா' ப்ளூரே பெட்டியில் ஐந்து டிஸ்க் இருக்கின்றன. 1915 தொடங்கி 1946 வரை அமெரிக்காவில் கறுப்பின ரசிகர்களுக்காக எடுத்த படங்கள். முழுப் படங்களோடு துண்டு துணுக்குகளும் உண்டு. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் 'விதின் அவர் கேட்ஸ்' (1920) ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் கறுப்பின நடிகர் நோபிள் ஜான்சனை மனதில் வைத்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

அவர் தலைவராக இருந்த, கறுப்பினத்தவரே நடத்திய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியின் படம் என்று இதில் இருப்பது 'பை ரைட் ஆஃப் பர்த்' (1921) ஒன்றுதான். அதிலும் மிஞ்சியது சுமார் நாலு நிமிடம். அந்தப் படம் எடுக்கும்போது ஜான்சன் கம்பெனியிலேயே இல்லை.

1916இல் லிங்கன் தொடங்கியபோது, ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டூடியோவில் சின்னச் சின்ன வேஷம் கட்டிச் சம்பாதித்த பணத்தை இதில் போட்டார். தம்பி ஜார்ஜ், ஒமாஹா தபால் ஆபீஸ் வேலையை விடாமலே படங்களைத் தியேட்டர்களுக்கு அனுப்பும் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். முதல் படம் இரண்டு ரீல். சிக்கல் எங்கே வந்தது என்றால், கறுப்பின ரசிகர்களிடம் ஜான்சனின் பெயர் விலைபோனது. லிங்கன் படத்தில் அவர் நாயகன், யூனிவர்சல் படத்தில் பத்தோடு பதினொன்று; கூட்டம் எங்கே போகும்? யூனிவர்சல் முகம் சுளித்தது. 1918இல் லிங்கனிலிருந்து விலகினார். மாதச் சம்பளமா சொந்தக் கம்பெனியா என்ற கணக்கில் சம்பளம் ஜெயித்தது. லிங்கன் 1923இல் மூடிவிட்டது.

ஆகவே பெட்டியை வாங்கினாலும், அவர் முகத்தைப் பார்க்க ஹாலிவுட் டிஸ்க்குகளைத்தான் தனியாகத் தேட வேண்டும். முதலில் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924). இதில் அவர் இந்திய இளவரசர். மிசௌரியில் பிறந்து கொலராடோவில் வளர்ந்த மனிதர், ஆறடிக்கு மேல் உயரம், வெளிர் நிறம். (பாரசீக இளவரசராக வருவதோ ஒரு பெண், மத்தில்ட் கோமோன். அந்த அரண்மனையில் யாரும் அவரவர் ஊர்க்காரர் இல்லை.) இந்த வேஷ மாற்றம் எடுபட்டதற்கு மேக்கப் மட்டும் காரணமில்லை. அன்று புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைப் பதிவு செய்யாது; தோலின் செம்மையும் பழுப்பும் கறுப்பாகவே விழும். பவுடரைக் கூட்டிக் குறைத்தால் ஒரே முகம் மெக்ஸிகோக்காரராகவும் செவ்விந்தியராகவும் மாறும். எல்லா நிறத்தையும் பதிவு செய்யும் பாங்குரோமாட்டிக் ஃபிலிம் 1920களின் பின்பாதியில் பரவிய பிறகும் தயாரிப்பாளர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்து 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1932), 'கிங் காங்' (1933) இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். ஆர்கேஓ ஸ்டூடியோவில் ஒரே காட்டு செட்டைப் பங்குபோட்டு எடுத்த படங்கள். ஃபே ரே, ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் இரண்டிலும் உண்டு. முதல் படத்தில் ஜான்சன், ஐவன் என்ற ஊமை ரஷ்ய வேலைக்காரன். தாடி ஒட்டி, முகத்தை வெளுப்பாக்கி வெள்ளைக்காரனாகவே நிற்கிறார். கறுப்பின நடிகருக்கு ஹாலிவுட் இப்படி வெள்ளை பூசியது அபூர்வம். வசனம் கிடையாது, உடம்பாலேயே மிரட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்கிறார். 'காங்'கில் இறகு சூடிய தீவுத் தலைவர். பொன்முடிப் பெண்ணைக் கேட்டு, பதிலுக்குத் தன் ஆட்களில் ஆறு பெண்களைத் தருகிறேன் என்று பேரம் பேசும் இடம்தான் அவருடைய பெரிய காட்சி. வசனமெல்லாம் இட்டுக்கட்டிய பாஷை. ஆனாலும் அவர் தடியை ஊன்றிப் பேசும் தோரணையில் அவசரமே இல்லை.

'டேஞ்சரஸ் கேம்' அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாகிவிட்டதால் மலிவு டிஸ்க்குகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் படத்தின் பாதி இருட்டில் போகும். நிழலில் நிற்கும் ஐவன் வெறும் கரிக்கட்டையாகத் தெரிவார். சீரமைத்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மறுபடி பெட்டிக்கு வருவோம். 'விதின் அவர் கேட்ஸ்' பிரிண்ட் ஸ்பெயினில் கிடைத்தது, 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' பெல்ஜியத்தில். இரண்டிலும் வெட்டுகள் தெரியும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். 'ரீஜெனரேஷன்' (1923) துண்டில் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் கரைந்து முகங்களை விழுங்குகிறது. அதைத் துடைத்து மழுப்பாமல் அப்படியே கொடுத்திருப்பது நல்ல முடிவு. இக்கால இசைக்கலைஞர் டிஜே ஸ்பூக்கி சேர்த்த இசை 'பாடி அண்ட் சோல்' (1925) படத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது; நாயகன் பால் ராப்சன் இரட்டை வேடத்தில் கண்ணாலேயே செய்யும் வேலையை அது கெடுக்கிறது. ஒலியை அணைத்தும் பாருங்கள். மிஷோவின் 1930களின் பேசும் படங்களில் ஒலி கரகரக்கும். மூலமே அப்படித்தான், ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ப்ளூரே டிஸ்க்கும் பிளேயரும் ஒரே விற்பனை மண்டலமாக இருந்தால்தான் ஓடும். அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலத்துக்கானது, இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். பல மண்டல பிளேயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜான்சனைக் கலரில் பார்க்க 'ஷீ வோர் எ யெல்லோ ரிப்பன்' (1949) இருக்கிறது. அதில் அவர் ரெட் ஷர்ட், செவ்விந்தியத் தலைவர். அடுத்த ஆண்டே நடிப்பை நிறுத்திக்கொண்டார்.