மூன்றாண்டு அணிந்த ஓட்டக் கடிகாரமும் அது வைக்கும் இலக்குகளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விடியற்காலையில் என்னுடன் ஓடும் தம்பி ஒருவர், இப்போது விலை இறங்கியிருக்கும் இந்தக் கடிகாரத்தை வாங்கலாமா என்று கேட்டார். அறுந்துபோன பட்டையைப் போன வாரம்தான் மாற்றினேன். தூரத்தையும் இதயத் துடிப்பையும் அது நம்பும்படி அளக்கிறது, பேட்டரியிலும் குறையில்லை.

என் மனத்தாங்கல் முழுவதும் அதன் ‘தினசரி இலக்கு’ மீதுதான். இன்றைய இலக்கை எட்டினால் நாளைய இலக்கைத் தானாகவே கூட்டிவிடுகிறது. ஓய்வு நாளையும் தோல்விக் கணக்கில் சேர்க்கிறது. தைப்பூசக் காவடிக்காக விரதமிருந்து ஓட்டத்தைக் குறைத்துக்கொண்ட பத்து நாளும், இரவுதோறும் ‘இலக்கு தவறியது’ என்று மணிக்கட்டில் அதிர்ந்தது. ‘முடிந்தவரை செய்’ என்பதைவிடத் தெளிவான, கடினமான இலக்கே அதிகப் பயன் தரும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த இலக்கை ஒருவர் மனதார ஏற்றிருக்க வேண்டும், அதற்கேற்ற திறனும் அவருக்கு இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். கடிகாரம் கடினத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

நான் எதிர்பாராத நன்மை, குறித்த இடைவெளியில் ஒலிக்கும் அதன் மணி. பிறரை முந்துவது முடிவு இலக்கு, சொந்த நேரத்தைக் குறைப்பது செயல்திறன் இலக்கு, இந்த நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பது செயல்முறை இலக்கு என்று விளையாட்டு உளவியலில் பிரிப்பார்கள். 2024ஆம் ஆண்டு நான் ஓடிய காம்ரேட்ஸ் மாரத்தான் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டி டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி மேலேறிச் சென்றது. ஏறத்தாழ 86 கிலோமீட்டரை 12 மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். அந்த 12 மணி நேரத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆகவே ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மணியை வைத்து, மேட்டில் அடியைச் சுருக்குவதை மட்டும் மனத்தில் நிறுத்தினேன். முடிவுக்கு முன் வரும் பாலி ஷார்ட்ஸ் மேட்டில் பலர் தளர்ந்து நின்றபோது எனக்கிருந்த வேலை அடுத்த மணிவரை போவது மட்டுமே. நேரத்திற்குள் முடித்தேன், அந்த மணி இல்லாமல் முடித்திருக்க மாட்டேன்.

ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே தம்பியிடம் சொன்னேன். மணி அடிக்க மலிவான கடிகாரமே போதும். இதுவோ, அந்தப் போட்டி முடிந்து படியிறங்கவும் கால் வராத மறுநாள் காலையில், முந்தைய நாளைவிடப் பெரிய இலக்கை என் முன் வைத்தது.