‘ஓர்டெட்’ டிவிடி: பிர்கிட்டே ஃபெடர்ஸ்பீலுக்காகவே வாங்கலாம்
கார்ல் தியடோர் டிரையர் 1955-இல் இயக்கிய ‘ஓர்டெட்’ என்ற டேனிஷ் படத்தின் டிவிடியை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், கோபன்ஹேகனில் 1925-இல் பிறந்த நடிகை பிர்கிட்டே ஃபெடர்ஸ்பீல். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியிலுள்ள பண்ணை வீடொன்றின் மூத்த மருமகள் இங்கராக, மாமனாரின் பிடிவாதத்தைக் காபியும் கனிந்த பேச்சுமாகக் கரைக்க முயலும் காட்சியில், அவர் குரலை உயர்த்தாமலேயே வீட்டை ஆள்கிறார். படப்பிடிப்புக் காலத்தில் அவர் உண்மையிலேயே கருவுற்றிருந்தார் என்பதை அறிந்தபின் பிரசவக் காட்சியைப் பார்ப்பது எளிதன்று. மத நம்பிக்கையில் மாமனாரோடு மோதும் தையற்காரராக வருபவர் பிர்கிட்டேயின் சொந்தத் தந்தை ஐனர் (இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது). இங்கர் வேடத்துக்கு பிர்கிட்டே டென்மார்க்கின் திரைப்பட விருதான போடில் விருது பெற்றார். கறுப்பு வெள்ளைப் படிமம் தெளிவாக உள்ளது. ஆங்கிலத் துணையுரைதான் வெண்சுவரில் கரைந்துவிடுகிறது. 1987-இல் வெளிவந்த ‘பாபெட்டின் விருந்து’ படத்தில் முதிய மார்ட்டினாவாக அவரைக் கண்டவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம்.