பழ ஈ ஆர்என்ஏவுக்கு ட்ரைசால்: தாராளமாக வாங்கலாம், ஜெல்லைப் பார்த்துப் பதற வேண்டாம்

பழ ஈயின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதிக்கான எம்ஆர்என்ஏவைப் (மரபணுவின் செய்தி நகல்) பிடித்து, சிடிஎன்ஏவாக்கி (அதிலிருந்து செய்கிற டிஎன்ஏ நகல்), குளோன் செய்கிற வேலைக்கு எந்த ரீஏஜென்ட் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் திரவமான ட்ரைசாலைத்தான் நான் சொல்வேன். 1987-இல் சோம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்ட ஒரே-படி முறையை ஒட்டியதுதான் இது. ஃபீனாலும் குவானிடின் தயோசயனேட்டும் சேர்ந்திருப்பதால், ஈயை அரைக்கும்போது வெளிவருகிற, ஆர்என்ஏவைச் சிதைக்கிற ஆர்என்ஏஸ் நொதி எல்லாம் அங்கேயே செயலிழந்துவிடும், அது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். அரைத்ததும் குளோரோஃபார்ம் ஊற்ற அவசரப்படாதீர்கள், முதலில் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ் செய்து ஈயின் ஓடு, இறக்கைத் துணுக்குகளை அடியில் இறக்கிவிட்டு மேலே உள்ள திரவத்தை மட்டும் எடுங்கள், அப்புறம் குளோரோஃபார்ம் ஊற்றினால் ஆர்என்ஏ இருக்கிற நீர் அடுக்கும் ஃபீனால் அடுக்கும் சுத்தமாகப் பிரியும்.

சரி, பலரும் தடுமாறுகிற இடத்துக்கு வருகிறேன். ஜெல்லில் ஓடவிட்டால் தெரிகிற ரைபோசோம் ஆர்என்ஏ (ஆர்ஆர்என்ஏ) பட்டைகளில், 28எஸ் பட்டை 18எஸ்ஸைப் போல இரண்டு மடங்கு பளிச்சென்று இருந்தால்தான் நல்ல ஆர்என்ஏ என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழ ஈயின் 28எஸ் ஆர்ஆர்என்ஏவில் இயற்கையாகவே நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது, சூடாக்கியதும் அது கிட்டத்தட்ட சமமான இரண்டு துண்டாகி 18எஸ்ஸோடு ஒட்டியே ஓடும், அதனால் ஒரே பட்டை மாதிரிதான் தெரியும். ஆர்என்ஏவின் தரத்தை அளக்கிற கருவி குறைந்த மதிப்பெண் போட்டாலும் அதை மட்டும் வைத்து ஆர்என்ஏ சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், நல்ல சாம்பிளைக் கொட்டிவிடுவது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காத விஷயம்.

குறை என்றால், டிஎன்ஏ கொஞ்சம் கூடவே வந்துவிடும். இந்த மரபணு விஷயத்தில் அது பெரிய தொல்லை, ஏனென்றால் புரதக் குறியீட்டுக்குள் இருக்கிற இரண்டு இன்ட்ரான்களும் (எம்ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டுகள்) பொடிசு, 65, 70 பேஸ்தான். முழுக் குறியீட்டுப் பகுதியைப் பிசிஆர் செய்தால் சிடிஎன்ஏவிலிருந்து 771 பேஸும் ஜீனோமிக் டிஎன்ஏவிலிருந்து சுமார் 906 பேஸும் வரும், அவசரத்தில் தவறான பட்டையை வெட்டி எடுத்து லிகேஷன் (வெக்டரோடு ஒட்டும் வேலை) போட்டுவிடலாம். ஆகவே டிஎன்ஏவைச் சிதைக்கிற டிஎன்ஏஸ் நொதி போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (சிடிஎன்ஏ செய்யும் நொதி) சேர்க்காத கன்ட்ரோலும் கட்டாயம். ஃபீனால் தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை, ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அறை) இல்லாத ஆய்வகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே ஆர்என்ஏவைச் சிறு குழாயில் பிடித்துப் பிரிக்கிற column kit-தான் மேல்.