மேல்கண்ணாடியா, பள்ள முற்றமா?

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் கூத்துப் பயிற்சிக்கும், கிடந்த நடுகற்களை நிறுத்தவும் ஒரு கூடம் கட்டினோம். பாதி தரைக்குக் கீழே, ஆறடி ஆழம். ஏன் கீழே? சித்திரை வெயில்தான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. வெளிச்சத்தை எப்படி இறக்குவது என்பதில்தான் சண்டை. கூரையில் கண்ணாடி பதிப்பதா, தொட்டிக்கட்டு வீடு போல நடுவில் திறந்த முற்றம் விடுவதா?

கண்ணாடிக் கட்சிக்காரர்கள் ஜப்பானில் டடாவோ ஆண்டோ கட்டிய சிச்சு அருங்காட்சியகப் படங்களைக் காட்டினார்கள். 2004இல் திறந்தது, பெரும்பகுதி மண்ணுக்குள். அழகுதான். ஆனால் அதிலும் திறந்த முற்றங்கள் உண்டு! கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்தால் நேர்வெயில் விழாது என்றார்கள். நாம் இருப்பது வட அட்சரேகை 12 டிகிரிக்குச் சற்று மேலே. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கிலிருந்துதான் வரும்.

சரி, வெயிலுக்குத் திரை போடலாம். பராமரிப்புக்கு என்ன செய்வது? பக்கத்திலேயே கிரானைட் அறுக்கும் பட்டறை. வெள்ளைத் தூசு பத்தே நாளில் கண்ணாடியை மூடிவிடும். ஏறித் துடைக்க ஆள் வேண்டும். விளிம்புப் பசை வெயிலில் வெடித்தால் சுவர் ஊறிய பிறகுதான் தெரியும்.

முற்றத்திலும் தண்ணீர்தான் வில்லன், ஆனால் கண்ணெதிரே நிற்கிற வில்லன். இருபதுக்கு இருபது அடி முற்றத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் 940 லிட்டருக்கு மேல். அடியில் பாறை, உறிஞ்சாது. மோட்டார் வைக்கலாம் என்றார் மேஸ்திரி. மழை வந்தாலே கரண்ட் போகிற ஊரில் மோட்டாரை நம்பி எப்படி? நிலம் கிழக்கே சரிந்திருந்ததால் அந்தப் பக்கம் ஆறு அங்குலக் குழாய் விட்டோம், தானாக வடிகிறது. சமதளமாக இருந்திருந்தால் நானும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ. வாய்ச்சல்லடையில் வேப்பிலை அடைக்கும். மழைக்கு முன் ஒரு பெருக்கு, அவ்வளவுதான். ஒரே ஒரு ஐப்பசி மழையைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் கண்ணாடி ஜெயித்தது. முற்றத்தின் பரவல் வெளிச்சத்தில் நடுகல் வீரனின் வாள் தட்டையாகத் தெரிந்தது. மேலிருந்து கல்லை உரசி விழும் ஒளியில்தான் செதுக்கல் எழும்பும். அதற்காக மேற்குச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்தோம். வீரன் எழுந்துவிட்டான். கட்டடத்தில் இப்போது ஒழுகுகிற ஒரே இடமும் அதுதான்.