ஸ்பேசரா, நெபுலைசரா?

வீசிங் (மூச்சு இழுப்பு) வரும் பிள்ளை இருந்தால், மருந்தை நுண்துளிப் புகையாக்கித் தரும் நெபுலைசர் கருவியை வீட்டில் வாங்கி வைத்தால்தான் நிம்மதி என்று நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள். என் ஓட்டு ஸ்பேசர், அதாவது மருந்தைப் பிடித்து வைக்கும் குழாய் போன்ற கூடு, பொருத்திய இன்ஹேலருக்குத்தான். லேசான, நடுத்தர இழுப்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன. நெபுலைசரில் குழந்தையின் இதயத் துடிப்புதான் கூடுதலாக எகிறுகிறது. ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கவும் வேண்டும். ஸ்பேசர் பள்ளிப் பையிலேயே போய்விடும்.

ஆனால் ஸ்பேசரில் முறை முக்கியம். இன்ஹேலரைக் குலுக்கி ஒரே ஒரு பஃப் அழுத்துங்கள். பிள்ளை ஐந்தாறு முறை நிதானமாக மூச்சை இழுத்து விடட்டும். அடுத்த பஃபுக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும், இடைவெளி இருந்தால் மருந்து வெளியேதான் போகும். கழுவிய ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயட்டும். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும். இழுப்பு இல்லாத நாளிலும் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

நெபுலைசருக்கும் இடம் உண்டு. பேச முடியாமல் திணறும், உதடு நீலம் பாயும் பிள்ளைக்கு மருத்துவமனையில் ஆக்சிஜனோடு அதைக் கொடுப்பார்கள். அந்த நிலையில் வீட்டில் நேரம் கடத்தாதீர்கள். வழியில் இழுப்பை உடனே தணிக்கும் ரிலீவர் மருந்தை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே உடனே கிளம்புங்கள்.