கல்யாண வேலைக்குக் கோவையா, திருச்சூரா?

கேரளத்தின் தமிழக எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பட்டப்படிப்பை முடிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை என்றால் இரண்டு திசைகள்தான். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டினால் கோவை, பாலக்காடு வழியாகப் போனால் திருச்சூர். நான் கோவையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு திருச்சூருக்கு மாறியவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது சம்பளத்தை. புதிதாகச் சேருபவருக்கு, நான் பார்த்தவரை, இரு ஊரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பி.காம். படித்தவரா, பி.பி.ஏ. படித்தவரா என்றும் எவரும் பார்ப்பதில்லை. தூக்கம் இரண்டு பக்கமும் கெடும். கோவையில் முதல் நாள் மாலை வரவேற்பு, விடியும் முன்பே முகூர்த்தம். திருச்சூரில் தாலிகட்டு முற்பகலில்தான் என்றாலும் மேடை வேலை இரவெல்லாம் நடக்கும்.

வித்தியாசம் நாள்காட்டியில்தான் இருக்கிறது. கோவை நிறுவனங்கள் பெரும்பாலும் இந்துக் கல்யாணங்களை நம்பியவை. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காற்று வாங்கும். புரட்டாசியில் பல வீடுகள் தயங்கும். வேலை இல்லாத மாதத்துக்கு யார் சம்பளம் தருவார்கள் என்பதை நேர்காணலில் எவரும் பேசுவதில்லை. நான் இருந்த இடத்தில், ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் முதலாளி சொன்னது: “ஆடி கழியட்டும் தம்பி, கணக்கை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.” ஆவணி வந்ததும் பார்த்தார், பாதியைத்தான் பார்த்தார். மாதச் சம்பளம் என்று பேசிச் சேர்ந்த வேலை, கடைசியில் முகூர்த்தக் கூலியாக முடிந்தது.

கேரளத்திலும் ஆடிக்கு இணையான கர்க்கடகத்தில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் வளைகுடா நாடுகளில் பள்ளி விடுமுறை விடுவது அதே ஜூலை, ஆகஸ்டில்தான். குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்கள் அந்த விடுமுறைக்குள் நிக்காஹ் முடித்துத் திரும்ப வேண்டும். மார்கழியிலும் அப்படியே: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு முடிந்ததும் தேவாலயக் கல்யாணங்கள் வரிசைகட்டும். கர்க்கடகம் கழிந்தால் சிங்க மாதம், அதாவது நம் ஆவணி. 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூரில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. அங்கே ஒரு ஜோடிக்கு மண்டபத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் மாலை, தாலி, புகைப்படக்காரர், பாட்டியின் சக்கர நாற்காலி எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாட்டிதான் எப்போதும் கடைசியில் வந்து சேருவார்.

திருச்சூருக்கும் வெறும் மாதங்கள் உண்டு. 2025, 2026 இரண்டு ஆண்டுகளிலும் ரமலானும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முஸ்லிம் கல்யாணமும் இல்லை, கிறிஸ்தவக் கல்யாணமும் இல்லை. ஆனால் ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் இந்த மோதல் சில ஆண்டுகளில் விலகிவிடும். ஆடி நகராது. 2020-இல் விருந்தினர் 50 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தபோது மட்டும் எந்த நாள்காட்டியும் யாரையும் காப்பாற்றவில்லை.

எல்லையில் பிறந்தவருக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. திருச்சூர் மேடைக்கு வேண்டிய பூவும் வாழையிலையும் காய்கறியும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் வாளையாறு எல்லை வழியாக ஏறி வருகின்றன. ஆவணி முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்துகொண்டால் மல்லிகை விலை மணிக்கு மணி மாறும். அந்த நேரத்தில் கோவைப் பூ மார்க்கெட் வியாபாரியிடம், “அண்ணா, நேற்றுப் பேசிய விலைக்கே அனுப்புங்கள், அடுத்த வாரமும் உங்களிடம்தான் எடுப்போம்” என்று தமிழில் பேசி, கையோடு மணமகளின் அப்பாவுக்கு மலையாளத்தில் சமாதானம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். என்னை வேலையில் நிறுத்தி வைத்திருப்பது இதுதான்; பட்டம் அல்ல.

கோவைக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்தை விட்டுக் கண்காட்சி அரங்கு அமைக்கும் நிறுவனத்தில் சேர்ந்தால் ஆடிப் பயம் குறையும். கோவையின் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் வேளாண் கண்காட்சி ஜூலையில்தான் நடக்கிறது. அந்த வேலையை நான் செய்ததில்லை. செய்யும் நண்பர்கள் குறை சொல்லிக் கேட்டதுமில்லை. கேரளத்தின் குமரகம் போன்ற சுற்றுலா இடங்களில் வெளிமாநிலத்தார் நடத்தும் ரிசார்ட் கல்யாணங்களையும் நான் எட்ட நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் போனாலும் ஊழியர் 20 பேர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருபதோ அதற்கு மேலோ இருந்தால் வருங்கால வைப்பு நிதி பிடித்துக் கட்டியாக வேண்டும். கோவைக்கே போவதானால் ஆடி, மார்கழிச் சம்பளம் எவ்வளவு என்பதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.